ஹாலின் இடது பக்கம் சுவரே இல்லை, சரவுண்ட் ஸ்பீக்கரை எங்கே மாட்டுவது?

கேள்வி: எங்கள் வீடு பாளையங்கோட்டையில். ஹால் 18 அடி நீளம், 12 அடி அகலம். டிவி இருப்பது 12 அடிச் சுவரில். டிவியைப் பார்த்து உட்கார்ந்தால், இடது பக்கச் சுவர் டிவியிலிருந்து 10 அடி வரைதான் வருகிறது. மீதி 8 அடி திறப்பு. அதற்கு அந்தப் பக்கம் 10 அடி ஆழத்துக்கு டைனிங். மேலே ஒரு பீம் போகிறது, அதன் அடிப்பாகம் தரையிலிருந்து எட்டரை அடி. வலது சுவரில் பின்பக்கமாக 5 அடி ஜன்னல். மூன்று பேர் உட்காரும் சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. 7.1 செட் (ஏழு ஸ்பீக்கர், பாஸ் ஒலிக்கு மட்டும் ஒரு சப்வூஃபர்) வாங்கினோம். மாட்டிக் கொடுத்தவர் இடது சரவுண்டை அந்த பீமில் வைத்தார். வலது சரவுண்டை ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவில் இருக்கும் ஒரு அடிச் சுவரில், பின் ஸ்பீக்கர்கள் இரண்டையும் சோபாவுக்கு மேலே கூரையை ஒட்டி. இப்போது மழைச் சத்தம் வந்தால் வலது பக்கம் மட்டும்தான் மழை. வலது ஓரத்தில் உட்காரும் அம்மா "காதுக்குள்ள கத்துது" என்று எழுந்து போய்விடுகிறார். திறப்பை பிளைவுட் வைத்து அடைக்கலாம் என்கிறார் ஒருவர். டைபோல் ஸ்பீக்கர் வாங்குங்கள் என்கிறது கடை. தரையை உடைக்க முடியாது, ஸ்டாண்ட் வைத்தால் ஒன்றரை வயதுக் குழந்தை இழுத்துவிடும். டிவி இருக்கும் சுவரை மாற்ற அம்மா சம்மதிக்க மாட்டார். என்ன செய்வது?

பதில்:

படம் வரைந்து அளவுகளோடு அனுப்பியதற்கு நன்றி. அந்தப் படம் இல்லாவிட்டால் நானும் பொத்தாம்பொதுவாக ஏதாவது சொல்லியிருப்பேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் புதிதாக ஸ்பீக்கர் எதுவும் வாங்க வேண்டாம். பிளைவுட், டைபோல் இரண்டையும் மறந்துவிடலாம். சோபாவையும் ஃபிரிட்ஜையும் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும், பிராக்கெட், ஒயர், ஜன்னல் திரை வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சரவுண்ட் மாட்டும்போது நிறையப் பேர் சுவரிலிருந்து யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். எங்கே சுவர் இருக்கிறது, எங்கே ஆணி அடிக்கலாம் என்று. யோசிக்க வேண்டியது உட்காருகிறவரின் தலையிலிருந்து. நேராக டிவியைப் பார்ப்பது 0 டிகிரி, சரியாகப் பக்கவாட்டில் 90 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 5.1 அமைப்பில் (பின் ஸ்பீக்கர் இரண்டும் இல்லாமல் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) சரவுண்ட் இரண்டும் 110-லிருந்து 120 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால். தூரம் கூடக் குறைய இருந்தால் ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி) தாமதம் கொடுத்துச் சரிசெய்யும். சத்தம் கூடக் குறைய இருந்தாலும் சரிசெய்யும். கோணம் தப்பாக இருந்தால் எந்த ரிசீவராலும் ஒன்றும் செய்ய முடியாது. முன்னால் இருக்கும் ஸ்பீக்கர் முன்னால்தான் பேசும்.

இப்போது உங்கள் இடது சரவுண்டைப் பாருங்கள். படத்தின்படி அது பீமில், டிவிச் சுவரிலிருந்து 12 அடியில் இருக்கிறது. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் காது இருப்பது ஏறக்குறைய 17 அடியில். ஆக, பின்னால் இருக்க வேண்டிய ஸ்பீக்கர் உங்களுக்கு 5 அடி முன்னால் தொங்குகிறது. கணக்குப் போட்டால் 50 டிகிரி வருகிறது. அதுவும் காதுக்கு 5 அடி மேலே. அந்த இடத்திலிருந்து வரும் மழை, முன் இடது ஸ்பீக்கரின் சத்தத்தோடு கலந்து திரைப் பக்கம் போய்விடுகிறது. இடது பக்கம் மழை பெய்யவில்லை என்று நீங்கள் எழுதியது சரி. அங்கே பெய்ய வழியே இல்லை.

அம்மாவின் புகார் இன்னும் நியாயமானது. அவர் காதுக்கும் வலது சரவுண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 4 அடி. இடது சரவுண்டுக்கு 11 அடி. ரிசீவர் நடு இருக்கைக்கு இரண்டையும் சமமாக்கி வைத்திருக்கும். அந்தச் சமம் அம்மா இருக்கைக்குச் செல்லாது. அங்கே வலது பக்கம் சுமார் 5 டெசிபெல் கூடுதலாகக் கேட்கும். போதாததற்கு மூன்று மில்லிநொடிக்கு மேல் முந்தியும் வந்துவிடும். ஒலி ஒரு மில்லிநொடியில் ஒரு அடிக்குச் சற்று அதிகமாகப் பயணிக்கிறது என்பதால் இந்தக் கணக்கு. மூன்று மில்லிநொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒரே சத்தம் இரண்டு பக்கத்திலிருந்து சில மில்லிநொடி இடைவெளியில் வந்தால், முதலில் வந்த பக்கத்திலிருந்துதான் எல்லாமே வருவதாகக் காது முடிவுகட்டிவிடும். ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949-ல் தன் ஆய்வேட்டில் இதை விரிவாக அளந்து காட்டினார். முந்தியும் வந்து, சத்தமாகவும் வந்தால் கேட்கவே வேண்டாம். அம்மாவுக்கு உங்கள் 7.1 செட்டில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கிறது.

கூரையை ஒட்டிய இரண்டும்? தலை பின்சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, ஸ்பீக்கர் காதுக்கு ஆறடி மேலே. பின்னால் வர வேண்டியது உச்சந்தலையில் வருகிறது. சோபா சுவரை ஒட்டி இருக்கும் எந்த ஹாலிலும் 7.1 வேலைக்கு ஆகாது, ஏனென்றால் 'பின்னால்' என்று ஓர் இடமே அங்கே இல்லை. பெட்டியில் ஏழு ஸ்பீக்கர் இருந்தால் ஏழையும் மாட்டித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஐந்தைச் சரியாக வையுங்கள்.

கேட்ட இரண்டு யோசனைகளுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பிளைவுட் தடுப்பு ஒரு ஸ்பீக்கரை மாட்ட இடம் தரும், உண்மைதான். ஆனால் மெல்லிய பலகை தாழ்ந்த ஸ்தாயியைத் தடுக்காது, சில நேரம் தானே அதிர ஆரம்பிக்கும். டைனிங்கும் இருட்டாகிவிடும். ஒரு ஸ்பீக்கருக்காக வீட்டை மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை. டைபோல் என்பது இரண்டு பக்கமும் எதிரெதிர் ஃபேஸில் (ஒரு பக்கம் காற்றைத் தள்ளும்போது மறுபக்கம் இழுக்கும்படி) சத்தம் விட்டு, நடுவில் உட்காருகிறவரை நோக்கி மட்டும் அடங்கியிருக்கும் வகை. சத்தம் சுவர்களில் பட்டுத் திரும்பித்தான் நம்மிடம் வரும். வலது பக்கம் ஜன்னலும் சுவரும், இடது பக்கம் வெறும் திறப்பு என்று இருக்கும் அறையில் அது இப்போதிருக்கும் கோணலை இன்னும் கோணலாக்கும். நீள் சதுர அறைகளில் நன்றாக இருக்கும் பொருள்தான். உங்களுக்கு இல்லை.

சரி, எங்கே மாட்டுவது? உங்கள் படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவர் 12 அடியோடு நிற்கவில்லை. அப்படியே நேராக டைனிங்குக்குள் போகிறது. மொத்தம் 22 அடி ஒரே சுவர். டைனிங் பகுதியை வேறு அறையாக மனத்தில் பிரித்துவிட்டதால் அந்தச் சுவர் யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது. இடது சரவுண்டுக்கு இடம் அங்கேதான்.

முதலில் சோபாவைப் பின்சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னால் இழுங்கள். காது அப்போது சுவரிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருக்கும். பின்னால் ஓர் ஆள் நடந்து டைனிங்குக்குப் போக வழி கிடைக்கும். படம் ஓடும்போது டிவிக்குக் குறுக்கே யாரும் போக வேண்டியதில்லை என்பது கூடுதல் லாபம். இதற்கு வீட்டில் எதிர்ப்பு வரலாம். சோபா சுவரை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதாத விதி. ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லிப் பாருங்கள். பின்சுவரை விட்டு வந்தாலே பாஸ் ஒலியின் குமுறல் குறைவது அவர்களுக்கே தெரியும். தாழ்ந்த ஸ்தாயி எப்போதும் சுவரோரத்தில்தான் அதிகம் குவியும்.

அடுத்து, சோபாவின் நடு இருக்கைக்கு நேர் பின்னால் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து இடது பக்கம் 7 அடி அளந்தால் திறப்பைத் தாண்டி ஒரு அடி டைனிங்குக்குள் வரும். அதுதான் இடது சரவுண்ட். வலது பக்கம் 5 அடி, மூலைக்கு ஒரு அடி முன்னால். அது வலது சரவுண்ட். பிராக்கெட்டும் ஸ்பீக்கரின் உடலும் சுவரிலிருந்து முக்கால் அடி வெளியே வரும் என்று வைத்துக்கொண்டால் இடது 111 டிகிரி, வலது 119 டிகிரி. இரண்டும் வரம்புக்குள். இரு பக்கமும் ஒரே அடிக்கணக்கில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். தூர வித்தியாசத்தை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். என் கணக்கை நம்ப வேண்டும் என்றும் இல்லை. நடு இருக்கையில் தலை இருக்கும் இடத்தில் ஒருவர் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளட்டும். மறுமுனையை ஸ்பீக்கர் வரப்போகும் இடத்துக்கு இழுத்து, ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியை வைத்துப் பார்த்துவிடலாம். சோபாவின் நிலை மாறினால் கோணமும் மாறும், அதனால் சோபாவின் கால்கள் இருக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டி வையுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர் பெருக்கும்போது நகர்த்துவார், திரும்ப வைக்க அடையாளம் வேண்டும்.

இடது ஸ்பீக்கர் வரும் இடத்தில் உங்கள் படத்தில் 'ஃபிரிட்ஜ்' என்று எழுதியிருக்கிறது. அதை இடது பக்கம் இரண்டு அடி தள்ளுங்கள். அதன் தலைக்கு மேலே ஸ்பீக்கரை வைத்துவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். பக்கத்திலிருக்கும் பெரிய உலோகப் பெட்டியில் சத்தம் பட்டுத் திரும்பும், கம்ப்ரசர் ஓடும்போது அந்த உறுமலும் சரவுண்டோடு சேரும்.

உயரம் தரையிலிருந்து 6 அடி, ஸ்பீக்கரின் முகம் கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கட்டும். குழந்தைக்கு எட்டாது. உட்கார்ந்தவரின் காது சுமார் மூன்றேகால் அடியில் இருக்கும், ஆக ஸ்பீக்கர் அதற்கு இரண்டே முக்கால் அடி மேலே. சரவுண்டைக் காது மட்டத்திலேயே வைக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். கூரையில் தனி ஸ்பீக்கர் வைக்கும் அட்மாஸ் அமைப்பில் அது முக்கியம், ஏனென்றால் கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம் என்று காது பிரித்து உணர வேண்டும். வெறும் 5.1-க்குக் கொஞ்சம் உயர்த்துவது நல்லது. ஓரத்தில் உட்காருகிறவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் கொஞ்சம் தூரமாகும்.

அம்மாவுக்காக இன்னொன்று. வலது ஸ்பீக்கரின் முகம் அவரை நோக்கி இருக்க வேண்டாம். சோபாவின் இடது ஓரத்தில் உட்காருகிறவரை நோக்கித் திருப்புங்கள். அதேபோல இடது ஸ்பீக்கர் வலது ஓரத்தைப் பார்க்கட்டும். ட்வீட்டரிலிருந்து (ஸ்பீக்கர் பெட்டிக்குள் உச்ச ஸ்தாயிக்காக இருக்கும் சின்ன ஸ்பீக்கர்) வரும் கூர்மையான ஒலி நேர் எதிரேதான் பலமாக இருக்கும், பக்கவாட்டில் தணியும். பக்கத்தில் இருப்பவருக்குத் தணிந்த ஒலி, தூரத்தில் இருப்பவருக்கு நேர் ஒலி என்று ஓரளவு ஈடாகிவிடும். பிராக்கெட் வாங்கும்போது கழுத்து திரும்பும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், நிலையாக இருப்பது வேண்டாம். இவ்வளவு செய்தாலும் ஓர இருக்கை நடு இருக்கை ஆகாது. "காதுக்குள்ள கத்துது" என்பது நின்றுவிடும், அது மட்டும் நிச்சயம். அம்மா விரும்பிப் பார்க்கும் படம் என்றால் அவரை நடுவில் உட்கார வையுங்கள்.

வலது ஜன்னலுக்குத் தடித்த துணியில், தரை வரை இறங்கும் திரை போடுங்கள். கண்ணாடி பளபளவென்று சத்தத்தைத் திருப்பி அனுப்பும். இடது பக்கம் திறப்பு அதை விழுங்கிக்கொள்கிறது, வலது பக்கம் திரை விழுங்கட்டும்.

ஒயரைப் பற்றி. பீமில் இருக்கும் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் ஏற்கெனவே மேலே இருக்கிறது. அதைப் பின்சுவர் வரை நீட்டலாம், ஆனால் நடுவில் முறுக்கி டேப் சுற்றுவதைவிடப் புது ஒயர் ஒரே துண்டாக இழுப்பது நல்லது. பீமின் பக்கவாட்டில் வெள்ளை பிவிசி கேசிங் பட்டை ஒட்டி உள்ளே விட்டால் சுவரின் நிறத்தோடு கலந்துவிடும். ரிசீவரிலிருந்து மேலே ஏறி, பீம் வழியாகப் போய்க் கீழே இறங்க 40 அடி வரும். கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்று கேளுங்கள், 8 ஓம் ஸ்பீக்கருக்கு இந்தத் தூரத்துக்கு அது போதும். செட்டோடு பெட்டியில் வரும் நூல் போன்ற ஒயர் இந்தத் தூரத்துக்குப் போதாது. மின் ஒயர் போகும் பைப்புக்குள் இதை விட வேண்டாம் என்று எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவர் அதில் இடம் இருக்கிறது என்பார். பிளஸ், மைனஸ் இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் மாறினால் சரவுண்ட் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தலைக்குள் குழம்பும், நிறைய வீடுகளில் 'செட் சரியில்லை' என்பதன் காரணம் இதுதான்.

சுவரில் துளை போடும் முன், டைனிங்கில் வாஷ் பேசின் எந்தச் சுவரில் இருக்கிறது, அதற்குத் தண்ணீர்க் குழாய் எந்த வழியாக ஏறுகிறது என்று பார்த்துவிடுங்கள். படத்தில் அது இல்லை.

சப்வூஃபரைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீள் சதுர அறையென்றால் எங்கே பாஸ் குவியும், எங்கே தேயும் என்று ஓரளவு கணக்குப் போடலாம். 'ட' வடிவில் வளையும் உங்கள் ஹாலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதனால் சப்வூஃபரைத் தூக்கி சோபாவின் நடு இருக்கையில் வைத்து, பாஸ் தொடர்ந்து வரும் ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு டிவிச் சுவர் ஓரமாகவும் இடது சுவர் ஓரமாகவும் தவழ்ந்து போய், தலையைத் தாழ்த்திக் கேளுங்கள். எந்த இடத்தில் பாஸ் ஒவ்வொரு சுரமும் பிரிந்து தெளிவாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை இறக்கி வையுங்கள். வெறுமனே அதிகமாக அதிரும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், குழந்தைக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து அளவீட்டைப் புதிதாக ஓட்டுங்கள். ஆடிஸி, வைபிஏஓ என்று கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கும், வேலை ஒன்றுதான். மைக்கைக் கையில் பிடிக்காமல், சோபா மேல் போடாமல், கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்துங்கள். மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் அணைத்துவிடுங்கள். இரவு தெரு அடங்கிய பிறகு செய்வது நல்லது. முதல் அளவு நடு இருக்கையில், அடுத்தவை அதிலிருந்து இரு பக்கமும். அம்மா இருக்கையை விட்டுவிடாதீர்கள். முடிந்ததும் ரிசீவர் காட்டும் தூரங்களைப் பாருங்கள். இடது சரவுண்ட் 8 அடியை ஒட்டியும் வலது 6 அடியை ஒட்டியும் காட்ட வேண்டும். சப்வூஃபருக்கு மட்டும் உண்மைத் தூரத்தைவிட அதிகமாகக் காட்டும். அதற்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துச் சொல்கிறது, திருத்த வேண்டாம். ஸ்பீக்கர் அளவு என்ற இடத்தில் 'லார்ஜ்' என்று போட்டிருந்தால் எல்லாவற்றையும் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். வலது சரவுண்ட் மூலையில் இருப்பதால் ஆண் குரல்கள் தடிமனாகக் கேட்டால் சரவுண்டுக்கு மட்டும் 100 வைத்துப் பாருங்கள்.

சோதித்துப் பார்க்க உடனே படம் போட வேண்டாம். முதலில் ரிசீவரில் இருக்கும் டெஸ்ட் டோனை ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு சத்தம் வரும் திசையைக் கை காட்டுங்கள். கை காட்டிய இடத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். பிறகு படம் போடும்போது ரிசீவரின் முகப்பில் என்ன எழுத்து வருகிறது என்று கவனியுங்கள். டால்பி டிஜிட்டல் என்றோ டிடிஎஸ் என்றோ (இரண்டும் சரவுண்ட் ஒலியைக் கொண்டு வரும் வடிவங்கள்) வராமல் பிசிஎம் என்று வந்து இரண்டு சேனல் காட்டினால், டிவியின் ஒலி அமைப்பில் போய் வெளியீட்டை மாற்ற வேண்டும். பல டிவிகளில் அது ஆரம்பத்திலேயே இரண்டு சேனலில்தான் இருக்கிறது. அப்படி இருந்தால் நீங்கள் இத்தனை நாள் கேட்டது ரிசீவர் தானாகக் கற்பனை செய்த சரவுண்டாக இருக்கலாம்.

மீதி இரண்டு ஸ்பீக்கரைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டு வையுங்கள். ஒரு மாதம் 5.1-லேயே பாருங்கள். அதற்குப் பிறகும் மேலிருந்து சத்தம் வேண்டும் என்று தோன்றினால், ரிசீவரில் அட்மாஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போது அந்த இரண்டையும் தலைக்கு நேர் மேலே, அல்லது ஒரு சாண் முன்னால், கூரையில் கீழ்நோக்கி மாட்டலாம். சரவுண்டை ஒரு அடி கீழே இறக்க வேண்டியும் வரும். அதற்குள் குழந்தையும் கொஞ்சம் வளர்ந்து, சொன்னால் கேட்கும் வயதுக்கு வந்திருக்கலாம்.